வாசலில் நிற்கும் பெண்ணைப் புகழ்ந்து எழுதிய மகனுக்கு

மகனே ஜெபமணி,

ஸ்தோத்திரம் சொல்லி, சுகம் விசாரித்து, அப்புறம் விஷயத்துக்கு வருவதுதான் நம் வீட்டுக் கடிதங்களின் வழக்கம். இந்த முறை சுகம் விசாரிக்கவில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்பது உன் கடிதத்தின் கனத்திலேயே தெரிகிறது. ஏழு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் ஐந்து பக்கத்துக்கு மேல் கிராமபோன் பிளேட்டுகளைப் பற்றி. கொழும்பில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் உங்கள் கூட்டத்தில் இந்த மாதம் யார் எந்தப் பாட்டில் கிறங்கிக் கிடக்கிறார் என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறாய். நீ ஒரு நாகஸ்வரக்காரரின் காம்போதியை ஊசி தேயத் தேயக் கேட்கிறாய். துறைமுக ஆபீஸ் நண்பருக்கு நாடகக்காரி ஒருத்தியின் குரல்மேல் பைத்தியம். யாழ்ப்பாணத்துக்காரரோ ஆர்மோனியம் வருகிற பிளேட்டைக் கையால் தொடமாட்டேன் என்கிறார். வாசிக்க வாசிக்க எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்லமாட்டேன். ஆறாவது பக்கத்தின் நடுவில்தான் அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம் என்பது உனக்கே ஞாபகம் வந்திருக்கிறது. நம் வீட்டுக் கிராமபோன் பெட்டியையும் பிளேட்டுகளையும் தூத்துக்குடிக் கப்பலில் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். கல்யாணத்தன்று மாலை அம்மாவுக்குப் பிடித்த பிளேட்டைத்தான் முதலில் வைக்கவேண்டும், அது எது என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் கீழே எஸ்தரைப் பற்றி மூன்று வரி. அந்த மூன்று வரிக்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "எஸ்தர் நல்ல குணமுள்ள பெண். எங்கள் கூட்டம் அவர்கள் வீட்டு ஹாலில்தான் நடக்கிறது. டீ கொண்டுவந்தால் பாட்டு முடிகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பாள், ஒரு சத்தம் வராது, அப்படியே நம் அம்மா மாதிரி." உன் கடிதம் வந்தால் சனிக்கிழமை மத்தியானம் நம் வீட்டுப் பாட்டுக் கூட்டத்தில் உரக்க வாசிப்பது வழக்கம் என்பது உனக்குத் தெரியும். இதையும் வாசித்தேன். கம்பவுண்டர் யேசுவடியானும் கருங்கல் ஊரில் கருப்பட்டி வியாபாரம் செய்கிற ஞானமுத்துவும் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடம் வந்ததும் ஞானமுத்து தொடையில் தட்டினார். "கொடுத்து வச்ச பயவேய் உம்ம மவன்! பாட்டு தெரிஞ்ச பெண்ணு எங்கயும் கெடைக்கும், பாட்டுக்கு எடஞ்சல் பண்ணாத பெண்ணு கெடைக்காது கேட்டீரா" என்றார். யேசுவடியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மையப் போலன்னு எழுதியிருக்கான் பாரும். செத்த பெறவும் அந்தப் பயலுக்கு அவ மேல எம்புட்டு பிரியம்" என்றார். எனக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிக் காகிதத்தை மடித்துவிட்டேன். அவர்கள் என்னைச் சந்தேகிக்கவில்லை. உடனே பெட்டிக்குச் சாவி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உன் அம்மா ஏன் வாசலில் நின்றாள் என்பதை நீ மறந்திருக்கலாம், அல்லது அது அவள் பிறவிக் குணம் என்று நினைத்திருக்கலாம். அவள் அப்படிப் பிறந்தவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே அவள் பேச்சு கேட்கும். வக்கீல் குமாஸ்தா வேலை, நாள் முழுக்க ஒருவன் சொல்ல ஒருவன் எழுத என்று போய்விடும். வீட்டுக்கு வந்தால் அவள் வேறு பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தது. முதல் நாள் அந்தக் குழலுக்குள்ளிருந்து மனுஷக் குரல் வந்தபோது அவளும் என் பக்கத்தில் நின்று கேட்டாள். கேட்டுக்கொண்டே ஏதோ கேள்வி கேட்டாள். "ஏட்டி, மிண்டாம நில்லு" என்றேன். வாயைத் திறக்காமல் நின்றாள். அதுதான் தொடக்கம்.

அப்புறம் யேசுவடியான் வந்தார், ஞானமுத்து வந்தார், சனிக்கிழமை மத்தியானம் என்று நாள் குறித்தோம். மூன்று பேரும் சபைக் கமிட்டியில் இருந்தவர்கள். கோவில் பாட்டும் நாடகப் பாட்டும் கேட்கிறோம் என்று போதகர் காதுக்குப் போனால் சங்கடம் என்று முன்னறைக் கதவை அடைத்துக்கொண்டோம். திருட்டுத்தனமாகச் செய்கிற காரியத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். ஆளுக்கு ஒரு பிளேட் கொண்டுவர வேண்டும். பாட்டு ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது. இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்த பிறகே வாய் திறக்க வேண்டும். அதன் பிறகு, இந்த மாதம் நான் எதைக் கேட்டு ரசித்தேன், அதில் எந்த இடம் என்னைப் பிடித்து உலுக்கியது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் குறட்டை விடுகிற மூன்று பேரும் சனிக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காப்பி இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவில்தான் உள்ளே வரவேண்டும் என்பதும் ஒரு கட்டுப்பாடு. அதை நாங்கள் மூன்று பேர் கூடிப் போட்டோம். காப்பி கொண்டுவருகிறவளிடம் யாரும் கேட்கவில்லை. சூடான காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவும் இல்லை.

நீ பள்ளிக்கூடப் படிப்பை முடித்த வருஷம் உன்னையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். அன்றைக்கு நீ பேசியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. மூன்று நிமிஷத்துக்குள் தோடியை அடக்கவேண்டி வந்ததால் அந்த வித்வான் அவசரப்படவில்லை, தேவையில்லாததை விட்டுவிட்டார், அதுதான் அழகு என்றாய். யேசுவடியான் அசந்துபோனார். "உம்மள விட உம்ம மவனுக்கு காது நல்லா இருக்குவேய்" என்றார். அந்த வாரம் முழுவதும் கோர்ட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். அன்றிலிருந்து நீயும் நானும் பேசியதெல்லாம் பிளேட்டைப் பற்றித்தான், யோசித்துப் பார். உனக்கு என்ன வேலை பிடிக்கும், கொழும்புக்குப் போக உண்மையில் ஆசைதானா, உனக்கு எதிலாவது பயம் உண்டா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீயும் என்னைக் கேட்டதில்லை. இத்தனை பாசமான அப்பனும் மகனும் நாகர்கோவிலில் கிடையாது என்று ஊரார் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

இனி எழுதப்போவதை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்திக்கொள். மறக்காமல் இருந்தால் உனக்கும் எனக்கும் ஒரே வியாதிதான். நீ கூட்டத்தில் சேர்ந்த மறுவருஷம். ஞானமுத்து புதிய பிளேட் ஒன்று கொண்டுவந்திருந்தார். நாடக மேடைப் பெண் ஒருத்தி முகாரியில் பாடியது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுவது போன்ற பாட்டு. முதல் பக்கம் பாதி ஓடும்போதே எங்கள் மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர். நீயும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். அப்போது கதவு திறந்தது. உன் அம்மா நின்றாள். கையில் காப்பித் தட்டு இல்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உயர்த்தினேன். நில் என்று அர்த்தம். நின்றாள். முதல் பக்கம் முடிந்தது. ஊசியை எடுத்த அந்த இடைவெளியில் அவள் வாயைத் திறந்தாள். பாட்டு பாதியில் நின்றிருக்கிறது, மிச்சம் மறுபக்கத்தில் இருக்கிறது. நான் உயர்த்திய கையை இறக்கவில்லை. பிளேட்டைத் திருப்பிப் போட்டது நீ. புது ஊசி மாட்டினாய். மாட்டுவதற்கு முன்னால் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். நான் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். பார்த்துவிட்டு ஊசியை இறக்கினாய்.

மறுபக்கமும் முடிந்த பிறகு அவள் சொன்னாள். "இராஜாக்கமங்கலத்துல இருந்து அண்ணன் வந்திருக்காவ. அம்மைக்கு இழுத்துட்டு கெடக்காம். நான் போயிட்டு வாறேன்." அவள் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஞானமுத்துதான் பதறி எழுந்தார். "நீரும் கூடப் போவும்வேய்" என்றார். "நான் இப்பம் போயி என்ன செய்ய? காலையில வாறேன்" என்றேன். உன் மாமன் புறவாசலில் வெறுங்காலுடன் நின்றிருந்தார். உள்ளே வந்து தண்ணீர் குடியும் என்றுகூட யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் மாட்டுவண்டியில் ஏறிப் போனார்கள். அந்த வண்டி தெரு திரும்பும் முன்னால், அந்தப் பிளேட்டை இன்னொரு தடவை வை என்று உன்னிடம் சொன்னேன். நீ வைத்தாய். அந்த வருஷம் நம் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்ட பிளேட் அதுதான். யார் எதை ரசித்தீர்கள் என்று கேட்டால் நான்கு பேரும் அதையே சொன்னோம்.

அவர்கள் போய்ச் சேரும்போது உடம்பில் சூடு இருந்ததாம், உயிர் இல்லை. உன் மாமன் அடக்கத்தன்று என்னிடம் சொன்னார். "போகும்ப சூடு இருந்துது அத்தான்" என்று, அவ்வளவுதான். ஐந்தாறு நிமிஷம் முன்னால் புறப்பட்டிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பார்களா, மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. உன் அம்மா அதைப் பற்றிக் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்தாள். அதற்குப் பிறகு முன்னறைக்குள் காப்பி கொண்டுவரவில்லை. கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்துவிட்டு, தம்ளரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். எங்களுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. கட்டுப்பாட்டை நன்றாகப் புரிந்துகொண்டாள் என்று நான் யேசுவடியானிடம் மெச்சிப் பேசியிருக்கிறேன்.

பிறகு நீ கொழும்புக்குப் போனாய். ஆறு வருஷமாக உன் கடிதங்கள் வந்தன, என் கடிதங்கள் போயின. எழுதப் படிக்கத் தெரியாதவள் அடுப்படியிலிருந்து வந்து நிற்பாள். "எனக்கு என்ன எழுதியிருக்கான்?" என்பாள். கடைசி வரியில் அம்மாவுக்கு ஸ்தோத்திரம் என்று இருக்கும். "ஸ்தோத்திரம் சொல்லியிருக்கான்" என்பேன். "வேற?" என்பாள். "வேற எல்லாம் பிளேட்டு" என்பேன். நாலைந்து வருஷம் அந்த "வேற?" வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. நின்றதும் எனக்குத் தெரியவில்லை, இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

அவள் வயிற்றில் கட்டி இருப்பதை யேசுவடியான் கண்டுபிடித்தபோது உனக்கு எழுதினேன். எழுதவில்லை என்று அவள் அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் வந்து நின்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினாயே, எழுதினேன் மகனே. அந்தக் கடிதத்தில் முதல் இரண்டு பக்கம் புதிதாக வந்த நாகஸ்வர பிளேட்டைப் பற்றி. காகிதம் முடிந்துவிட்டதால் ஓரத்தில் குறுக்காக, உன் அம்மாவுக்கு வயிற்றில் கொஞ்சம் கோளாறு, கம்பவுண்டர் மருந்து கொடுக்கிறார் என்று எழுதினேன். நீ பதில் போட்டாய். நாகஸ்வரத்துக்கு இரண்டு பக்கம் பதில். ஓரத்தில் எழுதியதற்குப் பதில் இல்லை. அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வந்தது. பெற்றவளை விசாரிக்காத பிள்ளை என்று வாய்க்குள் திட்டினேன். ஆனால் அதை ஓரத்தில் எழுதினவன் யார்? மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று யேசுவடியான் இரண்டு தடவை சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றதும் நானும் விட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்த வேண்டும் என்பதைப் பேசிப் பழகினவர்கள்தான் அறிவார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பிடித்த பிளேட் எது? இரண்டு நாள் யோசித்தேன். பிளேட்டுகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதை எடுத்தாலும் ஞானமுத்து சொன்னது ஞாபகம் வருகிறது, நீ சொன்னது ஞாபகம் வருகிறது, நான் சொன்னது ஞாபகம் வருகிறது. அவள் சொன்னது ஒன்றுமில்லை. யேசுவடியானிடம் கேட்டேன். "அவுக எப்பம்வேய் நம்மகூட இருந்து கேட்டாவ?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் போய்க் கேட்டேன். உன் அம்மாவுக்கு அவள் ஒருத்தியாவது தோழி என்பது எனக்குத் தெரியும். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கையிலிருந்ததை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எந்தப் பாட்டு பிடிக்கும்னு எங்கிட்ட கேக்க வந்தியளா? நல்லா இருக்கு. சனியாச்ச மத்தியானம் அவ எங்க இருப்பான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

வீட்டில்தான் என்றேன்.

"வீட்லயா? காப்பிய வச்சுப் போட்டு நேர இந்தத் தொழுத்துக்கு வந்துருவா. வெளக்கு வைக்கது வரைக்கும் இங்கதான், இந்தக் கல்லு மேலதான் இருப்பா. அவ அம்மை செத்ததுல இருந்து இதான். எட்டு வருசம். அந்தப் பெட்டிச் சத்தம் கேட்டா கையும் காலும் வெறைக்கின்னு சொல்லுவா. மொதல்ல நான் பேச்சு குடுத்துப் பாத்தேன். 'எக்கா, நீயும் பேசாத, கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருக்கட்டும்'னா. பெறகு நானும் பேசதில்ல."

நீங்கள் யாரும் எங்களிடம் சொல்லவில்லையே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்லணுமாக்கும்? எட்டு வருசம் ஒரு பொம்பள வீட்ல இல்ல. ஒருத்தனாவது எங்க போனான்னு தேடியிருந்தா சொல்லியிருப்பா" என்றாள் செல்லத்தாய். அவள் இதற்கு முன் என்னிடம் நின்று நிமிர்ந்து பேசியதே கிடையாது.

அந்த எட்டு வருஷத்தில் முதல் இரண்டு வருஷம் நீயும் அந்த முன்னறையில் இருந்தாய். காப்பி வந்ததா என்று பார்த்தோம். வந்தது. வேறு எதற்காவது அவளைக் கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். கூப்பிடவில்லை. ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவளுக்குப் பிடித்த பிளேட் ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று அவள் பெயரைச் சொல்லி எதையும் வைத்துவிடாதே. நாலு பேர் உருகுவார்கள், உனக்கும் கண் கலங்கும், மனசுக்கு இதமாக இருக்கும். அந்த இதத்துக்கு உனக்கு உரிமை கிடையாது. எனக்கும் கிடையாது.

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. செல்லத்தாய் சொன்னது வியாழக்கிழமை. சனிக்கிழமை ஞானமுத்து ஒரு பிளேட்டுடன் வந்தார். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாசலுக்குப் போனேன். "வயசான மனுசன் ஒருத்தரு பைரவி பாடியிருக்காரு, கேட்டா எந்திக்க மாட்டீரு" என்றார். கேட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் கேட்டேன். அழுதேன். உன் அம்மாவைப் பெட்டியில் வைத்து மூடும்போது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, போதகர்கூட என் தோளைத் தட்டித் திடமாக இருக்கிறீர் என்றார். யாரென்றே தெரியாத ஒரு கிழவர் மேல்ஸ்தாயியில் ஓரிடத்தில் நின்றதற்கு எனக்கு விம்மி விம்மி வந்தது. யேசுவடியான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உமக்கு எளகின மனசுவேய்" என்றார். எளகின மனசு! அவர் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. தட்டிவிடவில்லை. அப்புறம் இந்த மாதம் நான் ரசித்தது எது என்று கேட்டார்கள். சொன்னேன். அரைமணி நேரம் சொன்னேன்.

அதனால் உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் உன் அப்பன் என்பதால் சொல்கிறேன். பாட்டு கெட்டது என்று சொல்லவில்லை. பாட்டைக் கேட்டு அழுகிறவன் நல்லவன் என்று நினைத்துக்கொண்டோமே, அதுதான் கெட்டது. எஸ்தர் வாசலுக்கு வந்தால் ஊசியைத் தூக்கு. ராகம் எந்த இடத்தில் இருந்தாலும் தூக்கு. பாதியில் நின்ற பிளேட்டை மறுபடி முதலிலிருந்து வைக்கலாம், அதற்காகத்தான் அதைப் பிளேட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்து உட்காரச் சொல். உட்கார்ந்தால், உனக்கு எது பிடித்தது என்று அவளையும் கேள். ஒன்றும் பிடிக்கவில்லை என்றால், காது போதவில்லை என்று சிரிக்காதே, பெட்டியை மூடு. அவளுக்குச் சொல்ல வேறு ஏதாவது இருக்கும். அது மூன்று நிமிஷத்துக்குள் முடியாது. முடிகிற வரைக்கும் இரு. உன்னால் இது முடியாது என்று தோன்றினால் அவளைக் கட்டாதே. ஊரார் ஒரு மாதம் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க ஒருத்தியைப் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பெட்டியை அனுப்பச் சொன்னாய். அனுப்பமாட்டேன். உன்னைத் திருத்துவதற்காக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, வேறு காரணம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு நான் வரவேண்டுமா வேண்டாமா என்பதை இதை வாசித்த பிறகு நீயே எழுது. வரச் சொன்னால் வருகிறேன்.

இதற்குமேல் ஒரு விஷயம் மட்டும் பாக்கி. நேற்று வரை எழுதிய இந்தக் கடிதத்தை, இந்தக் கடைசிப் பத்தி நீங்கலாக, ஒரு சொல் விடாமல் நகல் எடுத்தேன். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை, கை பழகிவிட்டது. அந்த நகலை, நீ முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்த, எஸ்தர் வாத்திச்சியாக இருக்கும் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இவளுக்குத் தெரியும். வாசித்த பிறகு அவள் உன்னைக் கட்டுகிறேன் என்றாலும் சரி, கட்டமாட்டேன் என்றாலும் சரி, அது அவள் பாடு. உன் கூட்டத்து நண்பர்களை வைத்து அவளைச் சமாதானம் செய்யப் பார்க்காதே. அவளுடையது நேற்றைய தபாலில் போய்விட்டது. உன்னுடையது இன்றுதான் போகிறது.

உன் அப்பன்